காசு கட்டிச் சேர்ந்த சம்பள வேலை

பொறியியல் கடைசி வருடம் படிக்கும் பிள்ளையிடம் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று சொன்னால் போதும். எதற்குத் தேர்வு, யார் தேர்ந்தெடுத்தது என்றெல்லாம் அது கேட்காது. நான் கேட்கவில்லை. செய்தியை ஒருமுறை படித்தேன், உடனே எங்கள் அசோக் நகர் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். தண்ணீர் லாரி வருகிறது என்பதைத் தவிர வேறு நல்ல சேதியே வந்திராத குழு அது. பூங்கொத்துகளும் கைதட்டல்களும் குவிந்தன. இரண்டாவது மாடி மாமா தன் மகனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னார். "பார்க்கிறேன் அங்கிள்" என்று பதில் போட்டேன். (அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் இடத்தில் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. எனக்கு எதுவும் அமையவில்லை. கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பித்தேன். பெற்றோர் தொலைபேசி எண் கேட்ட இடத்திலெல்லாம் அம்மாவின் எண்ணைப் போட்டேன். அப்பா தெரியாத எண்ணை எடுக்க மாட்டார். தெரிந்த எண்ணையே யோசித்துத்தான் எடுப்பார்.

அப்படித்தான் ஒரு நாள் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. "உங்கள் மகள் செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெய்டு இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகியிருக்கிறார்" என்றது ஒரு பெண் குரல். சம்பளத்தோடு பயிற்சி! பிறகு என்னிடமும் பேசினார்கள். என் பெயர் என்ன, மடிக்கணினி இருக்கிறதா, உடனே சேர முடியுமா. இதுதான் நேர்முகத் தேர்வு. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன் என்று பாராட்டினார்கள். என் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு அதுவரை யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

என் அம்மா கோடம்பாக்கத்தில் டப்பிங் கலைஞர். வேறு மொழியிலிருந்து வரும் தொடர்களில் ஒரு மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்துகிறாள் என்றால், அந்தக் கொடுமை பெரும்பாலும் என் அம்மாவின் தொண்டையிலிருந்துதான் வரும். வீட்டில் மட்டும் குரலே உயராது. தொழிலுக்கு வேண்டுமே என்று சேமித்து வைப்பார்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு காயத்ரி. ஆனா பேப்பரைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருந்துது" என்றார் அம்மா.

"எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தாம்மா" என்றேன், எல்லாக் கம்பெனிகளையும் கரைத்துக் குடித்தவள் போல.

அடுத்து வந்த தேர்வு மின்னஞ்சலில், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு தொகை கட்டச் சொன்னார்கள். முதல் சம்பளத்தோடு அது திரும்பி வந்துவிடுமாம். சரிபார்க்க அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் வேண்டுமாம். சம்பளம் எவ்வளவு என்ற இடத்தில் 'திறமைக்கேற்ப' என்று போட்டிருந்தது. என் திறமையைப் பற்றி எனக்கு அப்போது மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததால் அது பெரிய தொகையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அப்பா தன் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினார்.

தோழி நஸ்ரீன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மச்சி, பெய்டுனா அவன் உனக்குக் குடுக்கணுமா, நீ அவனுக்குக் குடுக்கணுமா? ஆபீஸ் மெயில் ஐடி கூட இல்ல பாரு. நீயும் நானும் சும்மா வாங்குற மாதிரி ஒரு ஐடியிலேர்ந்து அனுப்பியிருக்கான். சர்டிபிகேட் ஒரிஜினலைக் குடுத்துடாதடி."

இவளுக்கு இன்னும் எங்கேயும் கிடைக்கவில்லை, அந்தக் கடுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரிஜினலைக் கொடுத்தேன்.

அலுவலகம் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். கீழே நைட்டி மொத்த வியாபாரம், மாடியில் செயற்கை நுண்ணறிவு. நைட்டி மூட்டைகளைத் தாண்டித் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். முதல் நாள் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மூட்டை கட்டும் அக்கா ஒருவர், "சுடிதார் மெட்டீரியல் எதிர்க்கடைம்மா" என்றார். "நான் இங்கே இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

மேலே என்னைப் போலவே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்தின் தலைவர் டை கட்டியிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. என் கையில் ஒரு ஹெட்செட்டையும் ஒரு தாளையும் கொடுத்தார்.

"கோடிங் எப்போ சார்?"

"அது அட்வான்ஸ்டு. முதல்ல கம்யூனிகேஷன். நம்பரைக் கம்ப்யூட்டரே போடும். எடுத்ததும் இதைப் படிச்சுடுங்க. சரின்னு சொல்றவங்க பேரும் நம்பரும் கேட்டு எழுதிக்குங்க. உங்க பேரு இனிமே ஸ்வேதா."

தாளில் முதலில் இருந்தது இதுதான்: 'வணக்கம், வாழ்த்துகள். உங்கள் பிள்ளை செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெய்டு இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகியிருக்கிறார்.'

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான்கு வருடம் பொறியியல் படித்த மூளை அது. ஸ்வேதா என்ற பெயருக்கு எந்த மாதிரி குரல் பொருந்தும் என்பதைத்தான் அது யோசித்துக்கொண்டிருந்தது. மூக்கால் பேசுவது என்று தீர்மானித்தேன்.

காலையில் பலர் வைத்துவிட்டார்கள், சிலர் திட்டினார்கள். ஒருவர் மட்டும் கட்டணம் வரை முழுவதும் கேட்டார். பெயர் ஏழுமலை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா மேடம் சொல்றீங்க, என் பொண்ணுக்கா? நெஜமாவா?" பின்னால் சாலை இரைச்சல் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டார் போலிருக்கிறது. "அது ரெண்டு மாசமா அழுதுனே கீது மேடம். பீஸ் தானே, சாய்ந்தரத்துக்குள்ள எங்கயாவது பொரட்டிக் கட்டிட்றேன். நீங்க நல்லா இருக்கணும்."

தலைவர் எனக்காகக் கைதட்டினார். மற்ற பெண்களும் தட்டினார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அடுத்த அழைப்பு. ஒரு பெண்மணி மிக மெதுவாக "ஹலோ" என்றார்.

"வணக்கம், வாழ்த்துகள்!" என்று மூக்கால் ஆரம்பித்தேன். "உங்கள் பிள்ளை செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெய்டு இன்டர்ன்ஷிப்புக்குத் தேர்வாகியிருக்கிறார்."



"எம் பொண்ணு ஏற்கெனவே சேர்ந்துட்டாளேம்மா."

"பரவாயில்லை மேடம், எங்களுடையது இன்னும் பெரிய நிறுவனம்."

"அப்படியா? உங்க பேரு?"

"ஸ்வேதா."

"ஸ்வேதா, மூக்கால பேசாத. அடிவயித்துலேர்ந்து பேசு. 'துறையில்'னு சொல்லிட்டு மூச்சு விடு, நடுவுல விட்டா திணறுது பாரு." பிறகு அதே மெல்லிய குரலில், "காயத்ரி, அங்க என்னடி பண்ற?"

நான் வேறு ஏதோ நிறுவனம் என்று நினைத்து அனுப்பிய இன்னொரு விண்ணப்பமும் இவர்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை பெயரில் விளம்பரம் போட்டிருந்தார்களோ! நான் சேர்ந்திருக்கும் வேலைக்கு என்னையே தேர்ந்தெடுத்து, என்னைப் பெற்றவளுக்கே வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன்.

"போன வாரம் அந்தப் பொண்ணு சொன்னதும் ஒரு எழுத்து மாறாம இதேதான்" என்றார் அம்மா. "நீ எதுவும் பேசாத, அப்படியே உட்காரு. நான் வர்றேன்."

கம்ப்யூட்டர் போட்ட அடுத்த அழைப்புகளையெல்லாம் பேசாமலே வெட்டினேன். காதில் ஏழுமலையின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரு ஸ்வேதா எங்கள் வீட்டுக்குச் செய்ததை இப்போது நான் அவர் வீட்டுக்குச் செய்திருந்தேன்.

அம்மா நைட்டி மூட்டைகளைத் தாண்டி மேலே வந்தபோது மூச்சு வாங்கவில்லை. தொழில் பயிற்சி. தலைவர் எழுந்து, "மேடம், பேரண்ட்ஸ் எல்லாம் உள்ளே வரக் கூடாது" என்றார்.

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தொடரில் மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலப்பதற்கு முன்னால் வரும் சிரிப்பு.

"தம்பி" என்றார், சேமித்து வைத்திருந்த குரலில். "எம் பொண்ணோட சர்டிபிகேட்டும் பணமும் இப்ப இங்க வரும். வரலைன்னா நான் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன். இன்னும் நான் சத்தமாப் பேசவே ஆரம்பிக்கலை."

அறையில் ஒரு பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "ஐயோ, அந்த ஏழரை மணி சீரியல் மாமியார்!" என்றாள். தலைவர் முகம் வெளுத்தது. அவர் வீட்டிலும் ஏழரை மணிக்கு அந்த சீரியல்தான் ஓடுகிறது போலும். "மேடம், பாலிசிப்படி ரீஃபண்டு..." என்று ஆரம்பித்தார்.

"பாலிசியைப் போலீஸ் ஸ்டேஷன்ல படிக்கலாமா? பக்கத்துலதான் இருக்கு."

இழுப்பறை திறந்தது. சான்றிதழ்கள் வந்தன. அவர் கைப்பேசியைத் தட்டியதும் பணம் அப்பாவின் கணக்குக்குத் திரும்பியது. உடனே மற்றப் பெண்களும் எழுந்து மேசை முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசிப் பெண் தன் சான்றிதழை வாங்கும்வரை அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று மதிய டப்பிங் போயே போய்விட்டது.

கீழே இறங்கியதும் ஏழுமலையின் எண் எழுதிய தாளை எடுத்தேன். "போடு. நீதானே சொன்ன, நீயேதான் சொல்லணும்" என்றார் அம்மா.

என் சொந்தக் குரலில், சொந்தப் பெயரில் சொன்னேன். "அண்ணா, காலைல பேசினது நான்தான். அது பொய்யான வேலை. பணம் கட்டிடாதீங்க. நானும் கட்டி ஏமாந்தவதான்."

"இன்னாம்மா இது" என்றார். "சேட்டு அடகுக் கடை வாசல்லதான் நின்னுகினு கீறேன். வீட்டம்மா வளையலு கைல கீது."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்கண்ணா. சேரும்போது காசு கேட்டாலே அது வேலை இல்லை. பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"பொண்ணுகிட்ட காலைலயே சொல்லிட்டனேம்மா, கெட்ச்சுதுன்னு." பெருமூச்சு விட்டார். "சரி வுடு. வளையலு தப்ச்சுது. உன் காசு வந்துச்சா?"

வந்தது என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அந்தச் சந்தில், நைட்டி மூட்டைகளுக்கு நடுவில் நின்று நான் அழுதேன். பயத்தில் இல்லை. அத்தனையும் கைக்கு வந்துவிட்டதே என்ற நிம்மதியில். எதிர்க்கடை மெட்டீரியல் பிடிக்காமல்தான் அழுகிறேன் என்று மூட்டை கட்டும் அக்கா நினைத்திருப்பார். அம்மா எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா இணையத்தில் புகார் பதிவு செய்தார். குடியிருப்புக் குழுவில் நடந்ததை நானே எழுதிப் போட்டேன். இரண்டாவது மாடி மாமா, தன் மகனுக்கு இனி எதுவும் சொல்லி வைக்க வேண்டாம் என்றார். சில மாதங்கள் கழித்து, ஒரு காசும் கேட்காத, மூன்று சுற்றுக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்த ஒரு நிறுவனத்தில் நஸ்ரீனும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம்.

வீட்டில் மட்டும் அந்தக் கதை முடியவே இல்லை. போன வருடம் மயிலாப்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மறுநாள் அம்மாவுக்குப் போன். எதிர்முனையில் மாப்பிள்ளையின் அம்மா. "எங்க எல்லாருக்கும் உங்க பொண்ணைப் பிடிச்சிருக்கு" என்பது வெளியே வரை கேட்டது. அப்பா செய்தித்தாளை இறக்கினார். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு, எழுந்து வந்து, என் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போன் மேசையில் இருந்தது.

"இல்லைங்க, பேசுறது அவ இல்லை" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் சம்பந்தியிடம் "ரொம்ப சந்தோஷம்" என்றார்.