மூன்று சனிக்கிழமைத் தீட்டு

பொய் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. காஞ்சிபுரத்தில் அப்போதே ஒன்பது வருஷம் பட்டுப்புடவை விற்றிருந்தவளுக்கு எப்படி இருக்கும்? "இந்தக் கலர் உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதுமா" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் முகம் மாறாமல் சொல்வேன். ஆனால் என் வாழ்க்கையிலேயே முக்கியமான நேரத்தில், உலகத்திலேயே மட்டமான பொய்யைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

ஆடி பிறந்த வாரம் நான் மாசமாக இருப்பது உறுதியானது. ஆவணி முதல் தேதி எங்கள் கடையின் முகூர்த்தப் புடவைப் பிரிவுக்கு இன்சார்ஜ் போடப்போகிறார்கள். அது நான்தான் என்று முதலாளியம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இடையில் நாலு வாரம். வயிறு தெரியாது. வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஏன் மூட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் கடைக் கல்பனாவைத் தெரியாது. அவள் இரண்டாம் மாதமே ஸ்வீட் பாக்ஸோடு போய்ச் சந்தோஷமாகச் சொன்னாள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று மறுநாளே அவளை முகூர்த்தப் பிரிவிலிருந்து அண்டர்கிரவுண்டுக்கு இறக்கி, பிளவுஸ் துணி கிழிக்க வைத்தார்கள். அவள் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கல்பனா இன்னும் மேலே ஏறி வரவில்லை.

"போஸ்டிங் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "மூணு மாசம் முடியாம வெளியில மூச்சு விடக்கூடாது" என்றார் மாமியார். அம்மாவும் பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை அன்றுதான் பார்த்தேன். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமையைப் பற்றி மூன்று பேருமே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் முதலாளியம்மா பெருமாள் கோயிலிலிருந்து குடலை இட்லி கொண்டுவருவார். மிளகும் சுக்கும் நெய்யும் கலந்து மந்தாரை இலையில் வெந்தது. தன் கையாலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்து, அது வாய்க்குள் போகும்வரை எதிரிலேயே நிற்பார். சாதாரண நாளில் நான் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுகிறவள். அன்று அந்த வாசனை மாடிப்படி ஏறும்போதே எனக்குக் குடல் தொண்டைக்கு வந்துவிட்டது.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் கடையில் ஒரே ஒரு காரணம்தான் செல்லும். அதைச் சொன்னேன்.

"அம்மா, நான் இன்னைக்கு தூரம்."

(ஆமாம். கர்ப்பத்தை மறைக்க மாதவிலக்கு என்றேன். அடடா, என்ன மூளை என்று எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.)

தூரமானவள் முகூர்த்தப் புடவையைத் தொடக்கூடாது. என்னைக் குடோனுக்கு அனுப்பினார்கள். இட்லி வாசனைக்குத் தப்பி அந்துருண்டை வாசனையில் மாட்டிக்கொண்டு, கடையின் பெயர் போட்ட பையிலேயே வாந்தி எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் இட்லி வந்தது. நானும் அதையே சொன்னேன்.

முதலாளியம்மா நெற்றியைச் சுருக்கினார். "ஏம்மா ரேவதி, போன வாரமும் இதேதானே சொன்ன?"

"ஆமாம்மா... நிக்கவே மாட்டேங்குது."

(இந்த இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.)

மூன்றாவது சனிக்கிழமை நான் வாயைத் திறந்ததுமே அவர் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இன்னுமா? என் தங்கச்சி இப்டித்தான் யாராண்டயும் சொல்லாம மறைச்சிக்கினே இருந்தா. கடைசில கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. கெளம்புடி, டாக்டராண்ட போலாம்."

"வேணாம்மா, தானா சரியாப்பூடும்..."

"வாயை மூடு."

காரில் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "பயப்படாத. உனக்காகப் பெருமாளுக்கு நெய் விளக்கு வேண்டிக்கினேன்" என்றார். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆவணிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. சொல்லவில்லை.

லேடி டாக்டரின் அறைக்குள்ளும் கூடவே வந்து, மூன்று வாரமாக நிற்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். டாக்டர் ஸ்கேன் கருவியை என் வயிற்றில் வைத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எட்டு வாரம் ஆயிருக்குதும்மா. இதோ துடிக்குது பாருங்க."

"பெருமாளே!" என்று முதலாளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. டாக்டர் முகம்தான் மாறியது. "மாசமா இருக்கிறப்ப மூணு வாரமா ரத்தம் போனா சும்மா விட முடியாது. இப்பவே அட்மிட் பண்ணணும். சிஸ்டர், ஊசி ரெடி பண்ணுங்க."

ஊசி வந்தது. சிஸ்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டு என் கையில் தேய்த்தாள்.

"ரத்தம்லாம் போகல டாக்டர்" என்றேன்.

"பின்ன எதுக்கும்மா மூணு வாரமா...?"

"இட்லி பிடிக்கல டாக்டர்."

முதலாளியம்மா என் கையை விட்டுவிட்டார்.

ஆவணி முதல் தேதி இன்சார்ஜ் ஆனவர் முரளி. எனக்கு நாலு வருஷம் ஜூனியர். உடலையும் பார்டரையும் தனித்தனியாகக் கோத்து நெய்த கோர்வைப் புடவை எது, சாதாரணப் புடவை எது என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார். அன்றைக்கே நான் நேராக முதலாளியம்மாவிடம் போனேன்.

"மாசமா இருக்கிறதுக்காக இல்லமா. பொய் சொன்ன பாரு, அதுவும் பெருமாள் பிரசாதத்துல. அதுக்குத்தான்" என்றார்.

"முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா எனக்குக் குடுத்திருப்பீங்களாமா?"

"முதல்லயே சொல்லியிருந்தா இந்த அலைச்சல் எதுக்கு? கல்பனா மாதிரி கீழ நிம்மதியா உட்கார வச்சிருப்பேனே" என்றார். அதைப் பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசம்தான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

கீழேயும் அனுப்பவில்லை. பிள்ளைத்தாச்சி கை ராசி என்று கல்யாண வீட்டுக்காரர்கள் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, முகூர்த்தப் புடவையை என் கையால் எடுத்துக் கொடுக்க வைத்தார்கள். மூன்று வாரம் தொடக்கூடாத அதே கை. கால் வீங்கி, செருப்பு நுழையாமல், எட்டு மாதம் வரை நின்று கொடுத்தேன். பக்கத்தில் நின்று பில்லில் கையெழுத்துப் போட்டவர் முரளி.

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. வீட்டுக்காரர் இந்தக் கதையை எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விடுவதில்லை. எங்கள் வீட்டில் யார் எதற்குச் சாக்குச் சொன்னாலும் "இட்லி பிடிக்கல டாக்டர்" என்பதுதான் பதில். நானும் சிரித்து வைப்பேன்.

போன சனிக்கிழமை மகளுக்குப் பள்ளி விடுமுறை. கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளியம்மா இட்லித் தட்டோடு வந்து, குனிந்து அவளுக்கு ஒரு துண்டு நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு வேணாம் பாட்டி. நான் இன்னைக்கு தூரம்."

கவுன்ட்டர் கவுன்ட்டராகச் சிரிப்பு ஓடியது. முரளி மேஜையைத் தட்டிச் சிரித்தார். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"போன வாரமும் இதேதானே சொன்ன?"

குழந்தையிடம்தான் கேட்டார். கண் மட்டும் என் மேல் இருந்தது.