வருங்காலத்துக்கு ஒரு நகல்

நகல் வைப்போர் என்றொரு இனம் உண்டு. கடிதத்தின் தலையில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஆனால் அது உங்களுக்கல்ல, இருநூறு வருஷம் கழித்து மூக்குக் கண்ணாடியோடு வந்து கட்டைப் பிரிக்கப்போகும் எவனோ ஒருவனுக்கு.

ஸ்காட்லாந்தில், எங்கள் கூப்பர் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி என் அப்பா, நினியன் கில்ரூத். பழைய கோட்டைகளை ஆராய்வார். மீதி நேரத்தில் பாராளுமன்றத்தைத் திட்டிப் பிரசுரம் போடுவார். அவருக்குப் படிப்பு அதிகம். எனக்கு அது பாதியிலேயே போதும் என்று தோன்றிவிட்டது.

காலையில் எழுந்து, கஞ்சி ஆறிக் கட்டியாவதையும் பாராமல், வரைவு ஒன்று, அனுப்ப ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று எழுதி, கடிதத்தின் முதுகில் தேதியும் சாரமும் குறித்து, எண் போட்டு, சிவப்பு நாடா கட்டி அடுக்கினால்தான் அவருக்கு மூச்சு சீராகும். செருப்புத் தைப்பவருக்கு எழுதினாலும் முதல் இரண்டு பக்கம் சுதந்திரத்தைப் பற்றித்தான். இடது கால் செருப்பு கடிக்கிறது என்பது மூன்றாம் பக்கத்தில் வரும். ஒருமுறை எங்கள் பூனை எழுதியதாக ஒரு மனுவைக் கட்டுக்குள் செருகி வைத்தேன். அதற்கும் எண் போட்டுவிட்டார்.

போன திங்களன்று ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டண்டியிலிருந்து மங்கோ டுல்லோவின் கடிதம் வந்தது. அப்பாவின் ஒரே சிநேகிதர். ஏழு வருஷமாகப் பேச்சில்லை. காரணம்? ஒரு மண்மேடு. அப்பா அதை ரோமானியர் பாசறை என்றார். டுல்லோ ஆட்டுப்பட்டி என்றார்.

"வியாழக்கிழமை கனடாவுக்குக் கப்பல் ஏறறேன். இனி திரும்ப மாட்டேன். நாம இன்னும் சிநேகிதங்கதானா? ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தை! அப்பாவிடமா கேட்பது? 'அன்புள்ள' என்று தொடங்கினால் பாசறை விஷயத்தில் விட்டுக்கொடுத்ததாக வருங்காலம் நினைத்துவிடாதா? ஆறு வரைவு. செவ்வாய் மதியம் முடிந்தது.

"அனுப்பியாச்சாப்பா?"

"எப்படிம்மா அனுப்ப? ரொம்ப நல்லா அமைஞ்சுபோச்சு. பெட்டியில வச்சுட்டேன்."

"அப்ப இன்னொண்ணை அனுப்புங்க."

"அதுல மை கொட்டியிருக்கு. நிதானமா வேற எழுதறேன்."

"வியாழக்கிழமை கப்பல்ப்பா!"

"அவசரப்பட்டா நடை கெட்டுப்போகும், எல்ஸ்பெத்."

சொல்லிவிட்டு, டுல்லோவின் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தார். அதைப் பார்க்காததுபோல நான் பூனையைத் திட்டினேன்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன்: 'வாங்க. உங்களை விட்டா அப்பாவுக்கு ஆளில்லை. சொல்லத் தெரியாம எழுதிக்கிட்டே இருக்கார்.' டண்டிப் படகுத்துறைக்குப் பார்லி ஏற்றிப்போகும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

புதன் மாலை, மழையில் ஊறிய கோட்டோடு டுல்லோ வாசலில் நின்றார்.

"யோவ் கில்ரூத், அது ஆட்டுப்பட்டிதான்யா!"

"பாசறைய்யா, மண்டையில மண்ணு வச்சவனே!" என்று கத்திக்கொண்டே அப்பா அவரைக் கட்டிக்கொண்டார். அவர் வரைவு இல்லாமல் அன்பைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் உண்மை ஒன்று இருக்கிறது. செவ்வாயன்று வண்டி கிளம்பும் நேரத்தில், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று குதிரையை நிறுத்தி, அந்தத் துண்டுச் சீட்டுக்கு நான் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். தேதி போட்டேன். நாடாகூடக் கட்டினேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நன்றாக அமைந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் உங்கள் இழுப்பறையை விட்டு வெளியேறாத அந்த மன்னிப்புக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தேதி என்ன போட்டிருக்கிறது?