போடியாரும் பதினெட்டு வளைவும்

ஊரில் யாராவது புதிதாக லொறி ஓட்டத் தொடங்கினால் என்னிடம் புத்திமதி கேட்க வருவார்கள். வராதவர்களுக்கு நானே தேடிப் போய்ச் சொல்வேன். தூரப் பயணத்துக்கு முன் வயிறு முட்டச் சோறு தின்னாதே, அம்பாறை தாண்டுமுன் கண் சொருகும். பாரம் ஏற்றிக் கொஞ்ச தூரம் போனதும் இறங்கிக் கயிற்றை மறுபடி இறுக்கு, மூட்டைகள் அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். எந்தக் கியரில் மலை ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இந்தக் கடைசிப் புத்திமதியைச் சொல்லும்போது மட்டும் உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்கும்.

எண்பதாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. எனக்கு ஊர் சாய்ந்தமருது. கல்முனையிலிருந்து அரிசி ஏற்றிக் கண்டிக்குப் போய், மரக்கறி ஏற்றித் திரும்புவது என் தொழில். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். நிந்தவூரில் வயலும் மாடுமாக வாழ்ந்த ஒரு போடியார் தன் மகளுக்கு என்னைக் கேட்டு வந்தார். ஆனால் முடிவாக வார்த்தை கொடுக்கவில்லை.

"கண்டியில புள்ளைக்கு ஒரு அலுமாரி வாங்கணும். தம்பிட லொறியில நானும் வாறனே" என்றார்.

பெண்ணைக் கொடுக்குமுன் ஆளை எடைபோட வருகிறார் என்று என் உம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "வாயைக் குறைச்சிக் கதை மகன்" என்றார்.

நான் குறைக்கவில்லை. மேலே சொன்ன புத்திமதிகளையெல்லாம் வழிநெடுகப் போடியார் மேல் பொழிந்தேன். (ஸ்டீரிங்கைத் தொட்டே அறியாத மனிதர் மேல்!) அவர் "ஓம் தம்பி" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று முகத்திலும் தெரியவில்லை. அவர் மகளை நான் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று இருந்தேன்.

திரும்பும்போது பின்னால் கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகள், அவற்றின் மேல் கண்ணாடி பதித்த அலுமாரி. மத்தியானம் பதினெட்டு வளைவின் உச்சிக்கு வந்தோம். மஹியங்கனைப் பக்கம் இறங்கும் அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். இரண்டாம் கியரில் லொறி கத்திக்கொண்டு இறங்கியது.

போடியார் கேட்டார்: "ஏன் தம்பி இப்பிடிச் சத்தம் போடுது? இறக்கத்திலயும் டீசல் குடிக்குமா?"

அவர் எவ்வளவு சிக்கனக்காரர் என்பது நிந்தவூர் முழுக்கத் தெரியும். வரப்போகும் மருமகனும் சிக்கனக்காரன்தான் என்று காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? கியரை நியூட்ரலில் தள்ளி, எஞ்சினையும் நிறுத்தினேன்.

"இப்ப பாருங்க போடியார். ஒரு சொட்டும் போகாது."

லொறி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. போடியார் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வளைவு வரைக்கும் இருந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்தது போலிருந்தது. எஞ்சின் ஓடினால்தான் அந்த லொறியின் பிரேக்குக்குப் பலம். அது எனக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை ஆகும் அவசரத்தில் டிரைவர் என்பதை மறந்துவிட்டேன். இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தேன். வேகம் கூடியது. கியர் கறகறவென்று அரைத்ததே தவிர விழவில்லை. பிரேக் கருகும் மணம் வந்தது.

"தம்பி, நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டத்தான் பார்க்கிறன்."

"அப்ப நிக்காதா?"

"நிக்குதில்ல போடியார்."

அவர் கலிமா சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே தன் பக்கத்துக் கதவில் கை வைத்தார். அந்தப் பக்கம்தான் பள்ளம். நான் ஒரு கையால் ஸ்டீரிங்கையும் மறுகையால் அவர் சாரத்தின் மேல் கட்டியிருந்த அகலமான வாரையும் பிடித்துக்கொண்டேன்.

"பாயாதீங்க! செத்தாலும் என்னோடயே இரிங்க!" (பெண் கொடுக்க வந்தவரிடம் சொல்கிற பேச்சா இது?)

கீழே ஒரு பஸ் ஏறி வருவது தெரிந்தது. அது நெருங்குமுன் வலப்பக்கப் பாறையோடு லொறியைச் சாய்த்தேன். இரும்பு கிழிகிற சத்தம் காதைப் பிளந்தது. முன் சக்கரம் பாறையோர வடிகானில் விழ, லொறி ஒரு குலுக்கலோடு நின்றது. கயிறு அறுந்து கோவாக்கள் வளைவு வளைவாக உருண்டு போயின. அலுமாரிக் கண்ணாடி நொறுங்குவது கேட்டது. பஸ்ஸில் வந்தவர்கள் ஓடி வந்து எங்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது என்றதும் கோவா பொறுக்கப் போனார்கள்.

போடியார் ஒரு கல்லில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்தார். எனக்கு அழுகை வந்தது. உயிர் தப்பியதற்காக அல்ல, பெண் கைவிட்டுப் போனதற்காக.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பொடியனுக்கு அறிவு கொஞ்சம் மட்டுதான்" என்றார் உம்மாவிடம். "ஆனா என்னை விட்டுட்டுப் பாயல்ல. என்ட புள்ளையையும் விட்டுட்டுப் போக மாட்டான்."

கல்யாணம் நடந்தது. நான் வீரனாகவே காலம் தள்ளியிருப்பேன். ஒருநாள் மனைவி, "பாய நினைக்கவே இல்லயா?" என்று அன்பாகக் கேட்டதில் உண்மையைக் கக்கிவிட்டேன். ஓடும்போது திறந்து திறந்து போகிறதென்று என் பக்கத்துக் கதவைக் கம்பியால் கட்டியிருந்தேன். போடியாரின் வாரைப் பிடிக்குமுன் நான் பிடித்து இழுத்தது அந்தக் கதவைத்தான்.

அடுத்த பெருநாளன்று, வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால், அவள் அதைத் தன் வாப்பாவிடம் போட்டு உடைத்தாள். மாமா வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அந்தக் கம்பியை நான் கண்டியிலயே கண்டன், புள்ள. பாய ஏலாத மாப்பிள்ளைதானே நமக்கு வேணும்?"

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்கப் போனாலும், தொழில், குணம், தொழுகை எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார்: "எல்லாம் சரி, கதவுக்குக் கம்பி கட்டியிரிக்கா?"