நகம் பதிந்த பலகை

மனைவியை ஒரு விஷயத்திலாவது ஜெயித்துக் காட்டுவது என்று தலைமைக் கணக்கர் கங்கணம் கட்டிக்கொண்டார். விஷயம், வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே நண்பர்கள் மூவரோடு கேரம் ஆடாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். அம்மணிக்கோ அதே ஹாலில், அதே கிழமையில், ஐந்து தையல் மிஷின் போட்டு வகுப்பு நடத்த ஆசை.

அந்தச் சமயம் பார்த்து ஹால் தரை பெயர்ந்துகொண்டது. மரத்தரை போடலாம் என்று கணக்கரே முந்திக்கொண்டார். கணக்குப் போடுகிற மூளையாயிற்றே. மிருதுவான மரமாகப் போட்டுவிட்டால் மிஷினின் இரும்புக் கால் அதில் நிற்க முடியாது. வகுப்பு அம்பேல்.

மரக்கடைக்கு வருகிறவர்கள் பலகையில் நகத்தை அழுத்திப் பார்த்து, தடம் விழாததை எடுப்பார்கள். இவர் விழுந்ததை எடுத்தார். அது அலமாரிக்கு முதுகில் அடிக்கிற பலகை, தரைக்கு வைரம் பாய்ந்த மரம்தான் உழைக்கும் என்று கடைக்காரர் மன்றாடிப் பார்த்தார். நிறம் பிடித்துவிட்டது என்று இவர் ஒரே பிடியாக நின்றார்.

மனைவி மறுப்பே சொல்லவில்லை. "கனமா எதுவும் வைக்கக் கூடாதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"கனமாவா? நாற்காலிய இழுத்தாலே தழும்பு விழும்" என்றார் கணக்கர், மிஷின்களை மனதில் வைத்துக்கொண்டு. அவள் தலையாட்டியதைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

தரை முகம் பார்க்கலாம் போல வந்தது. முதல் ஞாயிறு நண்பர்கள் வந்தார்கள். அம்மணி வாசலிலேயே கைகூப்பினாள்.

"உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதாண்ணா. நாற்காலிய இழுத்தாலே தழும்பு விழுமாம். அவரே சொன்னார்."

மூன்று அண்ணன்களும் கணக்கரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியிறங்கினார்கள்.

தூங்கியாவது தொலைக்கலாம் என்று படுக்கையறைக் கதவைத் திறந்தார். மடக்குக் கட்டில் சுவரோடு சாய்ந்து நின்றது. ஐந்து மிஷின்கள் கடகடத்தன. ஐந்து பெண்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

"இது பழைய சிமெண்ட் தரைங்க. எதையும் தாங்கும்" என்றாள் மனைவி.

"கட்டில ஹால்ல போட்டுக்கவா?"

"இரும்புக் காலாச்சே." தலையணையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க மட்டும் படுத்துக்குங்க."

ஹாலில் போய் நீட்டி நிமிர்ந்தார். ஜன்னல் காற்று சுகமாக வந்தது. உள்ளே மனைவி சிரித்துச் சிரித்துப் பாடம் நடத்துவது காதில் விழ, கோபப்படலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. கடையிலேயே மிருதுவானது என்று தேடித் தேடிப் பொறுக்கிய மரம்தான், முதுகுக்கு மட்டும் கருங்கல்லாக இருந்தது.