அலசலார் ஒரே அலசலோடு நிறுத்திய பெரும்போர்

வெண்ணிற நீளங்கி புனைந்த வேந்தே, நீலக் கையுறைக் கவசம் பூண்ட நெடுந்தகையே, சோதனைக்குழாய்ப் படைநடுவே தனித்து நின்ற தறுகணாளரே, வாழ்க! அழுக்கென்னும் அரக்கனை அலசி அலசி அழித்தமையால் ஆய்வுக்கூடத்தார் வாயால் 'அலசலார்' என்னும் விருதுப்பெயர் பெற்றவரே, உம் கொற்றம் ஓங்குக! குடித்த கோப்பையை மட்டுமன்றிக் குடிக்கப்போகும் கோப்பையையும் கழுவும் உம் கைகள் நீடு வாழ்க!

நெட்டையன், குட்டையன் என்று ஆய்வுக்கூடம் செல்லப்பெயர் இட்ட இரு புரதங்கள், உயிரணு என்னும் நெரிசல்மிகு நகரில் ஓடுகிற ஓட்டத்தில் கண்ணிமைப்பொழுது கைகோத்து, காரியம் முடிந்ததும் முன்பின் அறியாதார்போல் பிரிந்து செல்கின்றன என்பது அலசலாரின் கொள்கை. அதை நிறுவ, நெட்டையனை நுண்மணிகளில் பிணித்து, குட்டையனை அவன்மேல் பொழிந்து, ஒட்டாததையெல்லாம் உப்புநீரால் அலசிப் போக்கி, எஞ்சிய புரதம் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புக்கோடாகத் தெரியும்படி படமெடுப்பார். படத்தில் நெட்டையனின் கோடு கன்னங்கரேலென்று நிற்கும். குட்டையன் நிற்க வேண்டிய இடமோ துடைத்து வைத்தாற்போல் வெளுத்திருக்கும். ஒவ்வொரு முறையும், அலசல் போதவில்லை என்றே அவர் எண்ணினார், பாவம்.

அன்று காலை பேராசிரியர் முரசறைந்தார்:

"சாயங்காலத்துக்குள்ள குட்டையன் கோடு தெரியணும். இல்லேன்னா இந்த வேலைய இத்தோட மூடிருவோம்."

அலசலார் உடனே உப்புநீர்க் குப்பியைத் தூக்கி மும்முரமாய் அலசத் தொடங்கினார். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுக் கட்டிக்காத்த ஆய்வல்லவா! அவ்வேளை, பக்கத்து மேசை அக்கா திருவாய் மலர்ந்தருளினார்:

"ஏன் தம்பி, புரதத்தக் கழுவுறியா, பாத்திரம் வெளக்குறியா? அதுங்களே சும்மா கையத் தொட்டுட்டுப் போற ஜோடி. நீ போட்டு இந்த அலசு அலசுனா எப்படிப்பா நிக்கும்? ஐஸ்ல வெச்சு ஒரே ஒரு தடவ, சட்டுன்னு அலசிட்டு விட்ரு."

ஒரே ஒரு தடவை! இடியோசை கேட்ட நாகமென நடுங்கினார் நம் தலைவர். ஆயினும் துணிந்தார்; பனிக்கட்டிப் பாசறையில் குழாய்களை நிறுத்தினார்; மின்னலென ஒருமுறை அலசினார். அந்தோ, அப்போது மூண்டது பெரும்போர்! மதங்கொண்ட களிறென வலக்கை உப்புநீர்க் குப்பியை நோக்கிப் பாய, பாகனென இடக்கை அதன் மணிக்கட்டைப் பற்றி இழுக்க, வலக்கை திமிற, இடக்கை முறுக்க, முக்காலி கிறீச்சிட, நெற்றி வியர்வை அருவியெனச் சொரிய, கடைசியில் அந்த அடங்காக் கையைத் தொடைக்கடியில் திணித்து அதன்மேலேயே அமர்ந்து, மீதி வேலை அனைத்தையும் இடக்கையாலேயே செய்து முடித்தார் அந்த மாவீரர். அழாத குறைதான்.

மாலை மயங்கும் வேளை, கணினித் திரையில் படம் விரிந்தது. நெட்டையன் இல்லாத ஒப்பீட்டுக் குழாய்க்குரிய இடம் வெறுமையாக இருந்தது; வெறும் மணியில் குட்டையன் ஒட்டவில்லை. இருவரும் இருந்த குழாய்க்குரிய இடத்திலோ, கரப்பான்பூச்சி மீசையளவு மெலிந்த ஒரு கறுப்புக்கோடு!

"நிக்கிறான்க்கா! குட்டையன் நிக்கிறான்!" என்று அலசலார் எழுப்பிய வெற்றி முழக்கத்தில் கண்ணாடிக் குடுவைகள் கலகலத்தன, நடைவழியில் வந்தோர் திடுக்கிட்டு நின்றனர், அக்கா இரு கரங்களையும் தட்டி ஆர்ப்பரித்தார், திசையெட்டும் நம் தலைவர் புகழ் பரவக் காத்திருந்தது.

பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, இதையே இன்னும் ரெண்டு தடவை செய்து காட்டச் சொன்னார்.