டிக்சன் சாரின் பூட்டில்லாத காது

இனி இந்த வீட்டுக்குள் பூட்டிய ஃபைல் ஒன்றுகூட நுழையக் கூடாது என்று டிக்சன் சபதம் எடுத்தபோது, அவர் மனைவி ஆக்ஸிலியா சௌசௌ நறுக்கிக்கொண்டிருந்தாள். சபதங்கள் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. கொடைக்கானல் மழை மாதிரிதான் டிக்சனின் சபதமும். திடீரென்று வரும், சத்தமாகப் பெய்யும், நின்றுவிடும். ஆக்ஸிலியா கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டுத் தன் சோலியைப் பார்ப்பாள்.

"நான் சொல்றது கேக்குதா ஆக்ஸி?"

"கேக்குது, கேக்குது. எனக்குக் காதுக்கு என்ன கொறச்சல்?"

கடைசி வார்த்தைகளை அவள் சௌசௌவிடம்தான் சொன்னாள். டிக்சனுக்கு அவை போய்ச் சேரவில்லை.

பேத்துப்பாறை போகிற ரோட்டோரம் வீடு. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை. இருந்தாலும் டிக்சனின் உண்மையான உத்தியோகம் கட்டற்ற மென்பொருளுக்குக் காவல் இருப்பதுதான். ஒரு மென்பொருள் என்றால் அதன் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். பாட்டு என்றால் எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் எந்தக் கருவியிலும் பாட வேண்டும். ஏரிக்கு வழி கேட்ட சுற்றுலாக்காரர்களுக்குக்கூட இதைச் சொல்லி முடித்த பிறகுதான் வழி காட்டுவார். அதற்குள் அவர்கள் பஸ் போயிருக்கும். 'அவசரத்துக்குக் கம்பெனிக்காரன் மென்பொருளில் ஒரு கடிதம் அடித்துவிட்டேன் சாமி' என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதார் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அவருக்கு இன்னொரு துக்கமும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சோலைக்காட்டில் சில்வண்டுச் சத்தம் நின்றுபோய்விட்டது. சாயங்காலம் ஆனால் காதைத் துளைக்கும் அந்த ரீங்காரம் இரண்டு வருஷமாக இல்லை. பைன் மரம் நட்ட பாவம் என்று வனத்துறைக்கு மனுமேல் மனு போட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதிலும் வந்தது.

இன்றைய சபதத்துக்குக் காரணம் பாடகர் குழு. ஆக்ஸிலியா கோயிலில் பாடுகிறவள். கிறிஸ்துமஸ் பூசையில் தனிக்குரல் எப்போதும் அவளுடையதுதான். இந்த வருஷம் பயிற்சிப் பாட்டுகளை ஒரு செயலியில் வாங்கியிருந்தார்கள். பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டும்தான் பாடும். வெளியே எடுத்தால் ஊமை.

"மாசாமாசம் பணம் கட்டுனாத்தான் வாயத் தொறக்குமாம்! நாம காசு குடுத்து வாங்குன கோழிய அடிச்சுக் கொழம்பு வைக்க, வித்தவன்கிட்டப் போயித் தெனமும் உத்தரவு கேப்பமா?"

"கோழி எப்பங்க வாங்குனீங்க? இங்க சௌசௌதான் கெடக்கு."

"வெளையாடாத ஆக்ஸி. கம்பெனிக்காரன் நாளைக்கே கடையச் சாத்திட்டான்னா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். ஆக்ஸிலியாவும் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். காரணம், பீரோவில் அவளுடைய கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு குறுந்தகடு. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸில் அவள் பாடியதை, புதிதாக வாங்கிய ஒரு ரெக்கார்டரில் டிக்சன் பதிவு செய்தார். அந்த ரெக்கார்டர் தன் கம்பெனிக்கு மட்டுமே புரிகிற ஏதோ ஒரு வடிவத்தில் அதை எழுதி வைத்தது. ரெக்கார்டர் கெட்டது. கம்பெனி மூடியது. ஃபைல் இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வயது ஆக்ஸிலியாவின் குரலும் அதற்குள் இருக்கிறது. திறக்கிற சாவிதான் உலகத்தில் எங்கும் இல்லை.

அன்று பிடித்த வெறி இது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கிறிஸ்துமஸையும் திறந்த வடிவத்தில்தான் பதிந்து வைத்தார். ஃப்ளாக் என்று அதற்குப் பெயர். "ஒரு துளி இழப்பு கெடையாது. பாடுனது பாடுனபடி இருக்கும்" என்று வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் போட்டுக் காட்டுவார். விருந்தாளிகள் வருவது குறைந்தது. நாம் இவள் பாட்டைக் கேட்கிறோமா, பத்திரப்படுத்துகிறோமா என்று சில சமயம் அவருக்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். உடனே இன்னொரு நகல் எடுத்து வைத்துவிடுவார். மனசு கொஞ்சம் ஆறும்.

"சரிங்க, ஒரு பந்தயம்" என்றாள் ஆக்ஸிலியா. "தொறந்த ஃபைலுக்கும் பூட்டுன ஃபைலுக்கும் காதால கேட்டே வித்தியாசம் சொல்லுவேன்னு சொல்லுவீகள்ல. சொல்லுங்க பாப்போம். சரியாச் சொல்லிட்டா செயலிய நானும் எடுத்துர்றேன், குழுவையும் எடுக்க வைக்கிறேன். தப்பாப் போச்சுன்னா நான் சொல்ற ஒண்ணை நீங்க செய்யணும்."

"என்ன அது?"

"அத அப்புறம் சொல்றேன்."

டிக்சன் சிரித்தார். இந்தச் சோதனைக்கான விதிகளை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். திரும்பி உட்கார வேண்டும். கண்ணை மூட வேண்டும். எது எது என்று போடுகிறவள் சொல்லக் கூடாது. நல்ல ஸ்பீக்கரைத் துடைத்து வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தியானம் கெட்டது போங்கள்.

முதல் பாட்டு ஓடியது. போன வருஷக் கிறிஸ்துமஸ்.

"ஆகா! உயிர் இருக்கு. மூச்சு எடுக்குறது வரைக்கும் கேக்குது. இது ஃப்ளாக்."

இரண்டாவது ஓடியது.

"அய்யே. ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருக்கு. பூட்டுன சரக்கு. சந்தேகமே இல்ல."

"சரிங்க. கடைசியா ஒண்ணு."

டிக்சன் காத்திருந்தார். அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை வந்தது. ரோட்டில் ஜீப் ஒன்று முனகியபடி மேடு ஏறிப் போனது.

"போடு ஆக்ஸி."

"போட்டாச்சுங்க."

"எங்க? ஒண்ணையும் காணமே."

"ஓடிட்டுத்தாங்க இருக்கு."

"வயரு கழண்டிருக்கும், பாரு."

"திரும்பி நீங்களே பாருங்க."

திரும்பினார். ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடுகள் சாமியாடிக்கொண்டிருந்தன. அப்படி ஓர் ஆட்டம் ஆட வேண்டுமானால் பெரிய சத்தம் இருந்தாக வேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். வீடு மட்டும் அமைதியாக இருந்தது.

"என்ன அது?" என்று கேட்டார்.

"சில்வண்டுங்க. நேத்துச் சாயங்காலம் நம்ம பின்வாசல்ல புடிச்சேன். உங்க ரெக்கார்டர், உங்க ஃப்ளாக். ஒரு துளி இழப்பு கெடையாது."

டிக்சன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி போட்டது ரெண்டும் ஒரே ஃபைலுங்க" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "காடு ஊமையாயிருச்சுன்னு மனு போட்டீங்க. போன வருசம் நான் மேல்சுதிக்குப் போனப்ப, வீட்டுக்கு வந்து, 'ஏன் ஆக்ஸி பாதியில நிறுத்திட்ட'ன்னு கேட்டீங்க. நான் எங்கங்க நிறுத்துனேன்? ஒருதரம் என் கொரலப் பூட்டுன டப்பாக்குள்ள தொலைச்சிட்டு, அதுக்கு ஊரையே திட்டுறீங்க. இப்ப அது உங்க காதுக்குள்ள தொலையுது. யாரத் திட்டப் போறீங்க?"

எழுந்து போய் ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தார். அது உள்ளங்கையில் லேசாகக் கூசியது. சில்வண்டுதான்.

"பந்தயத்துல தோத்துட்டீங்க. காது டாக்டர்ட்டப் போகணும். கருவி மாட்டணும். அவ்வளவுதான்."

கருவி என்ற சொல் காதில் விழுந்ததும் டிக்சனுக்குள் படுத்திருந்த போராளி எழுந்து உட்கார்ந்தார்.

"மாட்டேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் நிரல். போன்ல செயலி கேப்பான், கணக்குத் தொறக்கச் சொல்லுவான், எங்க இருக்கன்னு வேவு பாப்பான். எத உள்ள விடுறான், எத அமுக்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் கடையச் சாத்துனா என் காதும் சாத்திரும். பாட்டுக்கு நடந்தது காதுக்கும் நடக்கணுமா ஆக்ஸி?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பீரோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலியா, "சரிங்க" என்றாள்.

டிக்சன் வென்றுவிட்டதாக நினைத்தார். குடும்பஸ்தன் பயப்பட வேண்டிய ஒரே சொல் 'சரிங்க' என்பது இத்தனை வருஷத்திலும் அவருக்கு உறைக்கவில்லை.

அந்த வாரமே பழனியிலிருந்து சுவாமிநாதன் போன் செய்தார். டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டற்ற மென்பொருள் விஷயத்தில் டிக்சனையே மிதவாதி என்று ஏசுகிற ஒரே ஆள்.

"டிக்சன் சார்! கட்டற்ற காதுக் கருவி ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா? நிரல் மொத்தமும் தொறந்து கெடக்கு. சர்க்யூட் படமும் கெடக்கு. நானே கட்டிருவேன். ஆனா மாட்டிப் பாக்க ஒரு ஆளு வேணுமே. நம்ம இயக்கத்துல அந்த அளவுக்குத் தியாகி யாரு இருக்கா?"

தியாகி என்ற சொல்லுக்கு டிக்சன் காத்துக்கிடந்தது அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

"நான் இருக்கேன் சாமிநாதன்!"

"அப்ப ஒரு சின்ன சோலி. டாக்டர்ட்டப் போயிக் காத அளந்து படம் வாங்கிட்டு வந்துருங்க. அளவு இல்லாம நான் எப்படி நிரல் எழுத?"

மறுநாள் வெள்ளனே டிக்சன் வத்தலக்குண்டு பஸ் ஏறினார். கிளம்பும்போது, "கொள்கைக்காகப் போறேன்" என்று வாசலில் நின்று அறிவித்தார்.

"நல்லதுங்க. ஸ்வெட்டரு வேண்டாம், கீழ வெக்கை" என்றாள் ஆக்ஸிலியா.

கருவியோடு சுவாமிநாதன் வந்து இறங்கியபோது வீட்டில் வாழைப்பழ வாசனை அடித்தது. நிரலைப் பற்றி யோசித்த மனிதர் உறையைப் பற்றி யோசிக்கவில்லை. சர்க்யூட் பலகை, பேட்டரி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு எல்லாவற்றையும் ஒரு பஞ்சாமிர்த டப்பாவில் அடைத்திருந்தார். மூடியில் முருகன் வேலோடு நின்றார். டப்பாவைக் கழுத்தில் தொங்கவிட ஒரு நாடா. அதிலிருந்து இரண்டு காதுக்கும் இரண்டு வயர்.

"கழுவிட்டேன் சார். வாசனைதான் போக மாட்டேங்குது."

"சின்னதா செய்ய முடியாதா?"

"சின்னதா வேணும்னா கம்பெனிக்காரன்கிட்டத்தான் போகணும்" என்றார் சுவாமிநாதன்.

ஆக்ஸிலியா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணன் எவ்வளவு செரமப்பட்டிருக்காரு. போடுங்களேன்" என்றாள். டிக்சன் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மறுக்க ஒரு காரணம் தேடினார். நிரல் திறந்திருந்தது. படம் திறந்திருந்தது. அவர் வாய்தான் மூடிக்கொண்டது. டப்பாவை மாட்டிக்கொண்டார்.

சுவாமிநாதன் திருகைத் திருப்பினார். முதலில் ஸ்வெட்டர் உரசுகிற சத்தம். பிறகு காபி டம்ளர் வைக்கிற சத்தம், ஆக்ஸிலியாவின் கண்ணாடி வளையல் சத்தம். அது கிணுகிணுக்கும் என்பதையே மறந்திருந்தார். எழுந்து பின்வாசலுக்குப் போனார். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சோலைக்காடு முழுக்க ஒரே ரீங்காரம், ரம்பம் போட்டு மலையையே அறுக்கிற மாதிரி. அடப்பாவிகளா, ஒருத்தரும் எங்கேயும் போகவில்லையா?

வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். "வனத்துறைக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதணும்" என்றார்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு, கழுத்தில் முருகனோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பங்குச் சாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். பிரசங்கத்தின்போது சட்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. டிக்சன் அசையவில்லை. ஆக்ஸிலியா எழுந்தாள். பாட ஆரம்பித்தாள். மேல்சுதிக்கு ஏறினாள். அவள் நிறுத்தவில்லை. உச்சியில் குரல் லேசாக நடுங்கி, நூல் மாதிரி மெலிந்து, பிறகு மெல்ல இறங்கியது. இந்த நடுக்கம் வயசானதால் வந்ததா, எப்போதும் இருந்ததா? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் மடியைப் பார்த்தார். ரெக்கார்டரை அமுக்கவே இல்லை.

முதல் தடவையாக அது அவருக்கு இழப்பாகத் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது இன்னொன்று தெரிந்தது. அழுக்கு ஸ்வெட்டரில் தொடங்கி, வராத பிளம்பர் வழியாக, வனத்துறை வரைக்கும் ஆக்ஸிலியா பேசிக்கொண்டே போனாள். டிக்சன் மேஜைக்கு அடியில் கையை விட்டுத் திருகைக் குறைத்தார். கடிகாரம் அடங்கியது. ரோட்டில் போன பஸ் அடங்கியது. ஆக்ஸிலியா அடங்கவில்லை. இன்னும் குறைத்தார். உலகமே அடங்கியது. ஆக்ஸிலியா மட்டும் கோயில் மணி மாதிரி இருந்தாள்.

"அதப் போட்டுத் திருகாதீங்க. எங் கொரலுக்கு அது வேல செய்யாது. அண்ணன்கிட்டச் சொல்லி நெரல மாத்தி எழுதச் சொல்லிட்டேன்."

"நீயா? அப்ப அந்தப் போனு, தியாகி, டாக்டரு..."

"யாரு வேணாலும் திருத்தலாம்னு சொன்னது நீங்கதான?"

டிக்சன் எழுந்தார். கொள்கை பொதுவானது. அவள் திருத்தலாம் என்றால் அவரும் திருத்தலாம். முன்னறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். காதிலிருந்து வயரைக் கழற்றாமலேயே டப்பாவைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நிரலைத் திறந்து, அவள் குரலுக்கான அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்தார். அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தார்.

அடுப்படியிலிருந்து, பக்கத்தில் படுத்திருக்கும் பூனைகூடக் காதைத் திருப்பாத மெல்லிய குரலில் ஆக்ஸிலியா, "கைய எடுங்க" என்றாள்.

ஒரு துளி இழப்பில்லாமல் கேட்டது.