காகிதப்பூ வேலியும் காட்டூர் மாமனாரும்

சொந்தக் கையால் வீடு கட்டியவனுக்குத் தலையில் ஒரு கொம்பு முளைக்கும். எனக்கு இரண்டு முளைத்திருந்தன. கடலுக்குப் போகாத நாட்களில் நானும் அண்ணனும் கல் அடுக்கி, கலவை பூசி, கடலை ஒட்டிய உப்புநீர் ஏரிக்கரையில் கட்டிய வீடு அது. (வாசற்படி கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும். மழைத்தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே வைத்தது என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.)

எல்லாம் இருந்தும் ஒரே ஒரு குறை. என் மனைவி செல்வியின் அப்பா அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. அவர் காட்டூரில் நெல் போடுகிறவர். மகள் ஏரிக்கரைப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்ட கோபத்தில் மூன்று வருடமாக என்னை 'அந்த ஆளு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டதற்கு, "வேலி இல்லாத எடம் வூடா? நாலு பக்கமும் தொறந்து கெடந்தா அது சந்தை" என்று சொல்லி அனுப்பினார்.

செல்வி அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "உங்க நைனாவே வந்து நின்னு பாக்கற மாதிரி ஒரு வேலி போடறேன் பாரு" என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கு முன்பு நான் நட்டது, பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் கொடுத்த ஒரே ஒரு அவரைக்கொட்டை. அதுவும் இரண்டாம் நாள் அழுகிவிட்டது.

"நொச்சி வெய்யி. ஆடு கடிக்காது. கொம்ப ஒடிச்சு நட்டாலே வந்துடும்" என்றாள் செல்வி. விவசாயி மகள் சொன்னால் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. நொச்சியில் என்ன கம்பீரம் இருக்கிறது? ஆரம்பாக்கம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில் செக்கச்செவேலென்று காகிதப்பூச் செடியைப் பார்த்து மயங்கியிருந்தேன். "உப்புத் தண்ணிய தாங்கும், முள்ளு இருக்கறதால ஆடு கிட்ட வராது" என்றார் நர்சரிக்காரர். இரண்டில் ஒன்று உண்மை. எங்கள் ஊர் ஆடுகள் கருவாட்டுக் கூடையையே காலி செய்கிறவை. முப்பது கன்று வைத்தேன், முதல் நாளே நாலு கன்றை மொட்டை அடித்துவிட்டன.

அப்போதுதான் எனக்குள் இருந்த மீன்பிடிக்காரன் விழித்துக்கொண்டான். அண்ணன் வீட்டில் நண்டு வலை ஒன்று சும்மா மடித்துக் கிடந்தது. (சும்மா என்பது என் கணிப்பு. அண்ணனைக் கேட்கவில்லை.) அதை எடுத்து வந்து வேலி நெடுகக் குச்சி நட்டு, செடியை மூடிக் கட்டினேன். வேருக்கு இறால் தலைகளைப் புதைத்தேன். ஊர்ப் பூனை மொத்தமும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆனால் செடி வெறிபிடித்து வளர்ந்தது. கிளைகள் வலைக் கண்ணுக்குள் புகுந்து வெளியே வந்து, மறுபடி உள்ளே புகுந்தன. ஒரு கட்டத்தில் வலையும் தெரியவில்லை, அதைக் கழற்றுகிற வழியும் தெரியவில்லை. அண்ணன் அந்த வலையை மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

பூ பூத்த செய்தி காட்டூர் வரை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வந்தார். வெள்ளைச் சட்டை, சரிகைக் கரை வேட்டி. "வேலிய பாக்கத்தான் வந்தேன். உள்ள வரமாட்டேன்" என்று தெருவில் நின்றபடியே மகளிடம் கறாராகச் சொன்னார். உள்ளே அவருக்காக நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வியின் முகம் சுண்டிப்போயிற்று.

விவசாயி செடியைக் கண்ணால் மட்டும் பார்க்கமாட்டார். கிளையை விலக்கி அடிமரத்தைப் பார்க்கக் கையை உள்ளே விட்டார். கைக்கடிகாரம் வலையில் மாட்டியது. வெடுக்கென்று இழுத்தார். சட்டைப் பொத்தான் மாட்டியது. திரும்பினார். வேட்டியை முள் பிடித்துக்கொண்டது.

"இழுக்காதீங்க மாமா! இழுத்தா இன்னும் இறுகும்!" என்று ஓடினேன்.

"இன்னாய்யா இது? செடிக்குள்ள இன்னாத்த வெச்சிக்கிற?"

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. வலையில் எது மாட்டினாலும் அதை எடுக்கிற முறை பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் கருத்து உண்டு. "மொதல்ல கொடுக்க எடு, அப்பால காலு" என்றார் ஒருவர், நண்டைக் கழற்றுகிற நினைப்பில். "அமுக்கிப் புடி, துள்ள வுடாத" என்றார் இன்னொருவர். மாமனார் துள்ளிக்கொண்டுதான் இருந்தார். வலையை அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த அண்ணன், வேலியை உற்றுப் பார்த்தார்.

"டேய்! இது என் நண்டு வலைடா! கத்திய வெச்ச, கைய ஒடிச்சுடுவேன்!"

"அப்ப வேட்டிய வெட்றேன்" என்றேன்.

"வேட்டி மேல கத்தி பட்டுச்சு, நடக்கறதே வேற!" என்று கத்தினார் மாமனார். பிறகு குரல் இறங்கியது. "இன்னாத்தையாவது பண்ணி வுடு மாப்ளே."

மாப்ளே! மூன்று வருடத்தில் முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலையும் கூடாது, வேட்டியும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது நான் பிள்ளை மாதிரி வளர்த்த வேலிதான். வெட்டினேன். ஒன்பதாவது செடி சாய்ந்ததும் மாமனார் விடுபட்டார். வேட்டி விடுபடவில்லை. பாதி அவரிடமும் பாதி முள்ளிலுமாக நின்றது.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, உள்ளே வரமாட்டேன் என்றவர், சாய்ந்த வாசற்படியை ஒரே தாவலில் தாண்டி என் வீட்டுக்குள் ஓடினார்.

செல்வி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மாமனார் என் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நண்டுக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மிச்சச் செடிகளை அண்ணன் வலைக்காக வெட்டித் தீர்த்தார். (அந்த வலையில் முள் பொறுக்கும் தண்டனை எனக்கு.) அடுத்த வாரமே மாமனார் ஒரு கட்டு நொச்சிக் கொம்போடு வந்து அவர் கையாலேயே நட்டார். அந்த வேலிக்குக் களை எடுக்கிறேன் என்று ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார், பக்கத்தில் போகும்போது மட்டும் கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிடுவார்.

"இன்னாப்பா, கோவமெல்லாம் வுட்டுட்டு மவ வூட்டுக்குப் போயிட்டியாமே?" என்று காட்டூரில் யாராவது கேட்டால், இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"நானா எங்கய்யா போனேன்? வலை போட்டுப் புடிச்சு இஸ்துக்கினு போயிட்டானுங்க!"